ஒரு கல்யாணத்துக்கு எத்தனை யூனிட்?

மார்கழி பிறந்துவிட்டால் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்குக் கை ஓயும். முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எடுத்துக் குவித்ததை எடிட் செய்து கொடுக்கவும், தை பிறக்குமுன் சாமான்களைச் சரிபார்த்துக்கொள்ளவும் அவர்களுக்கு வாய்க்கிற மாதம் அது. 2012 மார்கழியில், மதுரையில் இருந்த என் அசெம்பிள் கடைக்கு ஒரு ஸ்டூடியோ உரிமையாளர் வந்தார். பல வருடப் பழக்கம். கையில் இரண்டு கொட்டேஷன். ஒன்றில் இன்டெல் கோர் ஐ5-3570கே, இன்னொன்றில் ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350.

“தம்பி, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே காசு. இதுல நாலு கோரு, அதுல எட்டு கோரு. எட்டுதானே பெருசு? அப்புறம் ஏன் எல்லாரும் நாலு கோரையே வாங்குறாங்க?”

“பத்து நாள் குடுங்கண்ணே. ரெண்டையும் உங்க வேலையிலயே ஓட்டிப் பாத்துச் சொல்றேன்” என்றேன்.

பத்து நாள் என்றது இருபதாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பிராசசர்களைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஆனால் இரண்டு பிராசசர்களை ஒப்பிடுவது என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை அந்த இருபது நாட்கள்தான்.

நான் தொழில் பழகியது சென்னை ரிச்சி தெருவில். 2003 வாக்கில் அங்கே வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை கிகா?” என்பதுதான். பென்டியம் 4 என்றால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்று பெருமையாகச் சொல்லலாம். பக்கத்திலேயே ஏஎம்டியின் ஆத்லான் எக்ஸ்பி 2500+ இருக்கும். பெயரில்தான் 2500, ஓடுவது 1.83 ஜிகாஹெர்ட்ஸில். பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏமாற்று வேலை என்று திட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. உண்மையில் அது ஏமாற்று இல்லை. சின்ன வாளியால் விறுவிறுவென்று இறைப்பதும் ஒரு முறை, பெரிய வாளியால் நிதானமாக இறைப்பதும் ஒரு முறை. தொட்டி எப்போது நிரம்புகிறது என்பதுதான் கணக்கு. ஆத்லான் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக வேலை செய்தது. பென்டியம் 4 துடிப்பைக் கூட்டுவதற்காகவே வேலையைப் பொடிப்பொடியாக நறுக்கியது. 2004இல் வந்த பிரெஸ்காட் வகையில் அந்தப் படிகள் 31 ஆயின. சூடு தாங்கவில்லை. 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் வரும் என்று சொன்ன இன்டெல் அந்த ஆண்டே அதைக் கைவிட்டு 3.8இல் நின்றுகொண்டது. 2006இல் கோர் 2 டுவோ வந்தபோது 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஓடிய இ6600, அந்த 3.8ஐ எளிதாகத் தாண்டிப் போனது. அன்றோடு ‘எத்தனை கிகா’ என்ற கேள்வி தெருவில் செத்தது.

அந்த இடத்துக்கு அடுத்து வந்த கேள்விதான் ‘எத்தனை கோர்’. ஸ்டூடியோ அண்ணன் கேட்டதும் அதைத்தான்.

எஃப்எக்ஸ்-8350இன் எட்டு கோரை அவருக்கு நான் கல்யாணச் சமையலை வைத்து விளக்கினேன். கொட்டகையில் எட்டு சமையல்காரர்கள். ஆளுக்கொரு அரிவாள்மணை, ஆளுக்கொரு பலகை. ஆனால் இரண்டு பேருக்கு ஒரு கிரைண்டர், இரண்டு பேருக்கு ஒரு கையாள். காய் நறுக்குகிறவரை எட்டுப் பேரும் எட்டுப் பேராகத்தான் வேலை செய்வார்கள். அரைக்கிற வேலை வந்தால் ஒருவர் அரைக்கும்போது மற்றவர் நிற்க வேண்டும். கையாள் சாமான் எடுத்துக் கொடுப்பதிலும் அதே காத்திருப்பு. ஏஎம்டி இதை மாட்யூல் என்றது: இரண்டு முழு எண் கோர்களுக்குத் தசமக் கணக்குப் போடும் பகுதி ஒன்று, கட்டளையை எடுத்துப் பிரித்துத் தரும் பகுதி ஒன்று. அப்படி நான்கு மாட்யூல். ஐ5இல் நான்கே ஆட்கள், ஆனால் ஒவ்வொருவருக்கும் கிரைண்டரும் கையாளும் தனித்தனி, ஆளும் கைவேகக்காரர்.

இதை வைத்து எட்டு கோர் பொய் என்று சொல்லிவிடலாமா? அமெரிக்காவில் சிலர் அப்படித்தான் வழக்குப் போட்டார்கள். 2019இல் ஏஎம்டி 1 கோடியே 21 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. என் கருத்தில் எட்டு என்று எண்ணுவது சரியா தப்பா என்ற விவாதம் வாங்குகிறவருக்கு உதவாது. பந்திக்குச் சாப்பாடு எப்போது வரும் என்று கேட்பதே சரி.

அதற்கு அளவுகோல் வேண்டும். அங்கேதான் முதல் சிக்கல். வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் இணையத்திலும் மதிப்பெண்கள் கொட்டிக் கிடந்தன. ஆனால் அளவுகோலே தகராறில் இருந்த காலம் அது. கணினிகளுக்கு மதிப்பெண் தரும் சிஸ்மார்க் 2012 நிரல் ஒருபக்கமாகச் சாய்கிறது என்று சொல்லி, அதைத் தயாரிக்கும் பாப்கோ கூட்டமைப்பிலிருந்து 2011இல் ஏஎம்டி வெளியேறியது. என்விடியாவும் வியாவும் அதே சமயத்தில் வெளியேறின. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் இன்டெல் செய்துகொண்ட உடன்பாட்டில், தன் கம்பைலர் மற்ற நிறுவனப் பிராசசர்களை எப்படி நடத்துகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. யார் செய்த தராசு என்று பார்க்காமல் எடையை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஸ்டூடியோவின் வேலையையே எடைக்கல்லாக்கினேன். இரண்டு வேலைகள். ஒன்று ஆல்பம்: 12க்கு 36 அங்குல விரிப்பு, அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது குறுக்கே 10,800, நெடுக்கே 3,600 புள்ளிகள். போட்டோஷாப்பில் அப்படி நாற்பது விரிப்புகளைத் திறந்து, நிறம் திருத்தி, கூர்மைப்படுத்தி, சேமிக்க வேண்டும். இன்னொன்று வீடியோ: எடியஸில் கோத்து முடித்த மூன்று மணி நேரக் கல்யாணத்தை, பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிற மாதிரி எச்.264 ஆக ஹேண்ட்பிரேக்கில் சுருக்க வேண்டும்.

வீடியோவில் ஒரு துண்டைத் தனியாக வெட்டி வைத்துக்கொண்டேன். தாலி கட்டும் நேரம், நான்கு நிமிடம். இந்தத் தொழிலில் அதைவிடக் கடினமான காட்சியை நான் பார்த்ததில்லை. ஹோமப் புகை நெளிகிறது, நான்கு பக்கமும் பிளாஷ் அடிக்கிறது, கெட்டிமேளம் கேட்டதும் நூறு கைகளிலிருந்து அட்சதை பறக்கிறது. வீடியோவைச் சுருக்கும் நிரல், முந்தைய பிரேமில் இருந்ததே இதிலும் இருக்கிறதா என்று தேடித்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது. ரிசப்ஷன் மேடையில் ஆட்கள் வரிசையாக வந்து நின்று போஸ் கொடுக்கும்போது பின்னணி அசையாது. வேலை வழுக்கிக்கொண்டு போகும். அட்சதை பறக்கும்போது ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் ஒட்டுறவே இருக்காது. ரிசப்ஷனில் சமமாகத் தெரிகிற இரண்டு பிராசசர்கள் முகூர்த்தத்தில் பிரிந்துவிடும்.

மற்றதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. ஒரே கிராபிக்ஸ் கார்டு, ஒரே பவர் சப்ளை, ஒரே எஸ்எஸ்டி, 4 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்3 ரேம். ஒற்றை ரேமை மாட்டிவிட்டு ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்று பிராசசரைக் குறை சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் நிறைய. இரண்டு சேனலில் ஒன்றை அடைத்துவிட்டு ஓட்டினால் எந்தப் பிராசசரும் திணறத்தான் செய்யும். விண்டோஸ் 7ஐ ஒவ்வொன்றிலும் புதிதாகப் போட்டேன். எஃப்எக்ஸ் வகைக்கு வேலையைச் சரியாகப் பங்கு போடுவதற்கென்று மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு தொடக்கத்தில் வெளியிட்ட இரண்டு திருத்தங்களையும் மறக்காமல் போட்டேன். ஒவ்வொரு வேலையையும் நான்கு முறை ஓட்டி, முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, மற்ற மூன்றின் சராசரியை எழுதினேன்.

முதல் நாளே எஃப்எக்ஸ் கவிழ்ந்தது.

முதல் ஐந்தாறு நிமிடம் அருமையாக ஓடியது. பிறகு ஹேண்ட்பிரேக்கின் பிரேம் எண்ணிக்கை பாதிக்குக் கீழே விழுந்தது. கொஞ்சம் ஏறியது, மறுபடி விழுந்தது. பிராசசரின் சூட்டைப் பார்த்தேன், அபாயம் எதுவும் இல்லை. இன்னொரு முறை, இன்னொரு முறை. ஐ5ஐ விட மிக மோசமான நேரம் வந்தது. நோட்டில் எழுதியும்விட்டேன். அன்றே அண்ணனுக்குப் போன் செய்து ‘எஃப்எக்ஸ் வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும்.

எழுதிய பிறகும் மனம் ஒப்பவில்லை. சிபியு-இசட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். 4 ஜிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய பிராசசர் திடீரென்று 1.4க்கு இறங்கியது. சில நொடி கழித்து 4க்கு ஏறியது. ரம்பப் பல் மாதிரி. கேஸைத் திறந்து, சாக்கெட்டுக்கு இடப்பக்கம் விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். பிராசசருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிற சின்னச் சின்ன மாஸ்ஃபெட்டுகள் அங்கே வரிசையாக இருக்கும். நான் மாட்டியது விலை குறைந்த, பழைய சிப்செட் போர்டு. பெட்டியில் ‘125 வாட் பிராசசர் தாங்கும்’ என்று அச்சிட்டிருந்தது. அந்த மாஸ்ஃபெட்டுகளின் மேல் ஒரு துண்டு அலுமினியம்கூட இல்லை. அவை கொதித்ததும் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிராசசரைப் பிடித்து இழுத்திருக்கிறது. நான் அளந்தது போர்டை.

நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். 970 சிப்செட்டில், மாஸ்ஃபெட்டுகள் மேல் ஹீட்சிங்க் உள்ள போர்டு ஒன்றை வரவழைத்தேன். அதன் விலை முதல் போர்டின் விலையை விட நன்றாகவே கூடுதல். கொட்டேஷனில் ‘ஒரே காசு’ என்று தெரிந்தது அங்கேயே ஒரே காசாக இல்லாமல் போனது. பிராசசர் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் எப்போதும் தவறவிடுகிற இடம் இது. இந்தப் போர்டில் எஃப்எக்ஸுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டும் கட்டாயம். ஐ5க்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோவுக்கு எப்படியும் கார்டு வேண்டும் என்பதால் எங்கள் கணக்கில் அது வராது. ஆபீஸ் வேலைக்கு வாங்குகிறவருக்கு வரும்.

புதுப் போர்டில் எஃப்எக்ஸ் வேறு பிராசசராக ஓடியது.

ஆல்பம் வேலையில் ஐ5தான். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. போட்டோஷாப்பில் கோப்பைத் திறப்பது, சேமிப்பது, பிரஷ் போடுவது, லேயரை நகர்த்துவது எல்லாம் பெரும்பாலும் ஒரே கோரை நம்பியவை. ஒற்றைக் கோரை மட்டும் ஓட்டிப் பார்த்த சினிபெஞ்ச் 11.5 சோதனை நிரலில் ஐ5 சுமார் 1.6, எஃப்எக்ஸ் சுமார் 1.1. அதே இடைவெளி கையிலும் தெரிந்தது. ஸ்டூடியோவில் ஆல்பம் வடிவமைக்கும் பையனை இரண்டு கணினியிலும் உட்கார வைத்தேன். எது எது என்று சொல்லவில்லை. “இது கை கூடவே வருதுண்ணே, அது ஒரு நொடி யோசிக்குது” என்றான். எந்த நிரலும் இதைவிடத் துல்லியமாக எனக்குச் சொன்னதில்லை.

வீடியோ சுருக்குவதில் கதை திரும்பியது. ஹேண்ட்பிரேக்குக்குள் ஓடும் எக்ஸ்264 நிரல் எட்டுப் பேருக்கும் வேலை கொடுக்கத் தெரிந்த மேஸ்திரி. பெரும்பாலும் முழு எண் கணக்கு என்பதால் கிரைண்டருக்கு வரிசையில் நிற்கிற பிரச்சினையும் குறைவு. மூன்று மணி நேரக் கல்யாணத்தை எஃப்எக்ஸ் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் முடித்தது. ஐ5க்கு மூன்று மணி நேரம் ஆனது. முகூர்த்தத் துண்டில் இடைவெளி இன்னும் கொஞ்சம் அகன்றது. மூன்று ஓட்டமும் அப்படியே.

“அப்ப எஃப்எக்ஸ் எடுத்துருவோமா? ஆல்பத்துல ஒரு நொடிதானே போகுது, வீடியோவுல அரை மணி மிச்சம்” என்றார் அண்ணன்.

நியாயமான கேள்வி. மதிப்பெண் பட்டியலோடு நின்றிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் அது 2012 மார்கழி, இடம் மதுரை.

அந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னையில் மின்வெட்டு நாளுக்கு 2 மணி நேரம். வெளி மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த மணி இருக்காது. ஸ்டூடியோக்கள் இன்வெர்ட்டரில்தான் உயிர் வாழ்ந்தன. அவருடையதில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. காகிதக் கணக்கில் 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்பது போக, பேட்டரியை அடிவரை வற்றவிடக் கூடாது என்பதும் போக, கைக்குக் கிடைப்பது அதில் பாதியை ஒட்டித்தான்.

சுவரில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. வீடியோ ஓடும்போது எஃப்எக்ஸ் கணினி சுவரிலிருந்து இழுத்தது 200 வாட்டை ஒட்டி. ஐ5 கணினி 120ஐ ஒட்டி. பெட்டியில் போட்டிருந்த 125 வாட், 77 வாட் என்ற எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தை விட உண்மையான வித்தியாசம் பெரிது. இனி கணக்கு எளிது. எஃப்எக்ஸ் இரண்டரை மணி நேரத்தில் 500 வாட்-மணி, அதாவது அரை யூனிட். ஐ5 மூன்று மணி நேரத்தில் 360. வேகமாக முடிக்கிற பிராசசர் ஒரு கல்யாணத்துக்குக் கூடுதலாகச் சாப்பிடுகிறது.

பில்லில் இது பெரிய காசு இல்லை. பேட்டரியில்தான் இடிக்கிறது. கரண்ட் இல்லாத ஒரு மணி நேரத்தில் மானிட்டர், மின்விசிறி, டியூப் லைட் எல்லாம் சேர்த்து பேட்டரியிலிருந்து இறங்குவது, கரண்ட் வந்த ஒரு மணி நேரத்தில் திரும்ப ஏறுவதில்லை. காலையிலிருந்து இப்படியே இறங்கி இறங்கி, சாயங்காலம் பேட்டரி மூச்சு வாங்கும் நிலையில் இருக்கும். அந்த நேரத்தில்தான் பகல் முழுக்க எடிட் செய்ததைச் சுருக்கப் போடுவார்கள். ஹேண்ட்பிரேக் நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடராது. முதலிலிருந்துதான்.

இரண்டு கணினியையும் ஸ்டூடியோவுக்கே தூக்கிக்கொண்டு போனேன். அண்ணனும் நானும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தோம். முதல் நாள் எஃப்எக்ஸ். இரண்டு மணி நேரம் தாண்டி, முக்கால்வாசிக்கு மேல் ஓடிவிட்டது. மாலையில் இரண்டாவது வெட்டு வந்தது. இன்வெர்ட்டர் பீப், பீப் என்றது. இரண்டு பேரும் எழுந்து நின்றோம். விசிறியை நிறுத்தினார், லைட்டை நிறுத்தினார், இருட்டில் மானிட்டரையும் நான் அணைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து எல்லாம் அடங்கியது. ஒரு கல்யாணம் போயிற்று. மறுநாள் அதே நேரத்தில் ஐ5. வெட்டும் அதே மாதிரி வந்தது. பீப் சத்தம் வந்தது, ஆனால் கடைசி இருபது நிமிடத்தில். கரண்ட் வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிவர ஆளனுப்பினார்.

அரை மணி மெதுவான பிராசசர்தான் அந்த அறையில் வேகமானது. எந்தப் பத்திரிகை மதிப்பெண்ணிலும் அது தெரிந்திருக்க முடியாது. அவர்கள் பொய் எழுதவில்லை, அவர்கள் மேசையில் கரண்ட் போகவில்லை.

குயிக் சிங்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐ5க்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் வீடியோ சுருக்குவதற்கென்றே ஒரு தனிச் சுற்று உண்டு. எடியஸ் 6.5க்கு அதைப் பயன்படுத்தத் தெரியும். ஓட்டிப் பார்த்தபோது மூன்று மணி நேர வேலை நம்ப முடியாத வேகத்தில் முடிந்தது. இதோ பிரச்சினை தீர்ந்தது என்று இரண்டு பேரும் நினைத்தோம். அண்ணன் அதைப் பெரிய டிவியில் போட்டு, தாலி கட்டும் இடத்தில் நிறுத்தினார். புகை கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அட்சதை அரிசியாக இல்லை, மங்கலான சதுரங்களாக இருந்தது. “மத்த எடத்துல எப்படியிருந்தாலும் இந்த எடத்துல இப்படி இருக்கக் கூடாது தம்பி. பொண்ணோட அம்மா பாக்குறது இந்த எடத்தைத்தான்” என்றார். அவசரத்துக்கு முன்னோட்டம் அனுப்ப மட்டும் அதை வைத்துக்கொண்டார். அவர் தீர்ப்பு சரி. அளவில் சிறிதாக, வேகமாக முடிக்கிற எதையும் முகூர்த்தக் காட்சியில் சோதிக்காமல் நான் இப்போதும் பரிந்துரைப்பதில்லை.

அவருக்கு நான் கடைசியில் கொடுத்தது 3570கே கூட இல்லை. ‘கே’ இல்லாத 3570. அதே 3.4 ஜிகாஹெர்ட்ஸ், ஏறினால் அதே 3.8. ஓவர்கிளாக் செய்ய மாட்டார், உள்ளிருக்கும் கிராபிக்ஸ் கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. மிச்சமான காசில் இரண்டாவது பேட்டரிக்கு முன்பணம் கொடுத்தார்.

எஃப்எக்ஸ் கணினி என் கடையில் கிடந்து தூங்கவில்லை. சென்னையில் கட்டட வரைபடங்களுக்கு முப்பரிமாணப் படம் போட்டுத் தரும் ஓர் இளைஞர், சோதித்துப் பார்த்த சாமான் என்று தெரிந்தே அதை வாங்கினார். இரவில் ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எடுப்பார். அவர் பகுதியில் இரவில் வெட்டு இல்லை. சினிபெஞ்சில் எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும்போது எஃப்எக்ஸ் சுமார் 6.9, ஐ5 சுமார் 6. அந்த இடைவெளி முழுவதும் அவருக்கு லாபம். அவருக்கு ஐ5ஐ விற்றிருந்தால் நான் தப்பு செய்திருப்பேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லி எச்சரித்தேன், சித்திரையில் அது நடந்தது. அவருடைய அறை மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அக்னி நட்சத்திரத்தில் அறைக்குள் பகல் 38 டிகிரி. ஏஎம்டி அந்தப் பிராசசருக்கு வைத்திருந்த வெப்ப எல்லை 61 டிகிரியை ஒட்டி. சூட்டை வெளியே தள்ளுவதற்குக் கிடைக்கிற இடைவெளி இரண்டுக்கும் நடுவே உள்ள 23 டிகிரிதான். 22 டிகிரி ஏசி அறையில் சோதித்து எழுதுகிறவருக்கு அந்த இடைவெளி 39. ஒரே பிராசசர், ஒரே ஹீட்சிங்க், ஆனால் நம் ஊர் வெயிலில் அது வேறு பிராசசர். கூடவே வந்த சின்னக் காற்றாடி ஹேர் டிரையர் மாதிரி அலறியது. பெரிய ஹீட்சிங்க் ஒன்றை மாட்டி, கேஸின் பின்பக்கம் ஒரு விசிறி சேர்த்த பிறகுதான் அவரால் பகலிலும் ரெண்டர் போட முடிந்தது.

ஐ5இன் கதை இதில் நேர்மாறு. அது குறைவான மின்சாரம் குடித்தாலும் மானியில் சூடு அதிகமாகக் காட்டும். சிப்புக்கும் மேல் மூடிக்கும் நடுவே முந்தைய தலைமுறையில் இருந்த உலோகப் பற்றுக்குப் பதில் இன்டெல் பசை வைத்திருந்தது. எஃப்எக்ஸில் பற்றவைத்திருந்தார்கள். வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்து ஐ5தான் அறையைச் சூடாக்குகிறது என்று சொன்ன கடைக்காரர்கள் உண்டு. அறையைச் சூடாக்குவது சுவரிலிருந்து இழுக்கும் வாட். மானியில் காட்டும் டிகிரி வேறு விஷயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் எங்கள் தொழிலில் இன்றும் குறைவு.

பின்னால் காலம் என் கணக்கில் ஒரு திருத்தம் போட்டது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012இல் நான்கு கோர் போதும் என்று ஐ5ஐப் பரிந்துரைத்த பலரிடமிருந்து 2017, 2018இல் போன் வந்தது. மென்பொருள்கள் அதற்குள் பல கோர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப் பழகிவிட்டன. நான்கு கோரும் முழுக்க நிரம்பி ஐ5 விக்கியது. அதே காலத்தில் எஃப்எக்ஸ் வைத்திருந்தவர்கள் எதிர்பார்த்ததை விடத் தாக்குப் பிடித்தார்கள். 2017 மார்ச்சில் வந்த ரைசனில் ஏஎம்டி அந்தப் பங்கு போடும் முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு கோருக்கும் அதனதன் கிரைண்டரைக் கொடுத்தது. அதன்பின் எட்டு என்றால் எட்டுதான். ஸ்டூடியோ அண்ணனும் அடுத்த கணினிக்கு ரைசன் 7 1700 எடுத்தார். 65 வாட் பிராசசர், எட்டு கோர், பதினாறு திரெட். அதற்குள் மின்வெட்டும் போயிருந்தது. ஆனாலும் வாட் மீட்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அந்த நான்கு நிமிட முகூர்த்தத் துண்டு இருக்கிறது. ஸ்டூடியோவிடமும் அந்தக் குடும்பத்திடமும் கேட்டு அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிற ஒவ்வொரு புதிய பிராசசரும் முதலில் அந்த அட்சதையைத் தாண்டித்தான் போகிறது.

கணினி வாங்கக் கடைக்கு வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மதிப்பெண் பட்டியலை அச்செடுத்து வர வேண்டாம். நீங்கள் தினமும் செய்கிற வேலையில் மிகக் கனமான ஒன்றை, அது கணக்குப் புத்தகமோ வீடியோவோ வரைபடமோ, பென்டிரைவில் போட்டுக் கொண்டுவாருங்கள். இரண்டு பிராசசரிலும் உங்கள் கண்ணெதிரே அதை ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் நிறுத்தவிடாதீர்கள், அரை மணி நேரம் ஓடட்டும். உங்கள் அறையில் ஏசி இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். சுவரில் ஒரு வாட் மீட்டரை மாட்டச் சொல்லிக் கேளுங்கள். மாட்ட மறுக்கிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.